தீராத பாட்டில்

கான்டாக்ட் லென்ஸை இடுக்கியில் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கினேன். தெளிவாக இருக்க வேண்டியது, பால் காய்ச்சின பாத்திரத்தின் அடி மாதிரி வெள்ளை படிந்திருந்தது.

எதிரே மதிவதனி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி நாலு மாதம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று விடுவார்களோ என்று பயந்து, அவள் அப்பா என் கண்ணாடிக் கடையில் வாங்கிக் கொடுத்த லென்ஸ் இது.

கணவன் தமிழ்வேந்தனுக்கு இன்றுவரை தெரியாதாம். தெரிந்தால் ஏமாற்றிக் கட்டிவைத்ததாக அப்பாவைத்தான் பேசுவார்கள் என்று அவளுக்குப் பயம். பேரூர் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"உங்க பொய்யில சாமியையும் கூட்டுச் சேத்திட்டீங்களா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

விளக்கிச் சொன்னேன். பிளாஸ்டிக்தான், ஆனால் தண்ணீரைக் குடித்து மெத்தென்று இருக்கிற பிளாஸ்டிக். தண்ணீரோடு விடுமா? கண்ணீரில் இருக்கும் புரதத்தையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். தினமும் தேய்த்துக் கழுவி, நாங்கள் கொடுக்கும் உப்புநீரில் ஊறப்போட வேண்டும்.

அப்படித்தான் செய்கிறேன் என்று சாதித்தாள். குளியலறைப் பரணில் ஒளித்து வைத்திருந்த பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சிக்கனமா ஊத்தி, நாலு மாசமா ஒரே பாட்டில்தானுங்க."

ஒரு மாதம் வந்தாலே பெரிது. பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.

ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. கோயமுத்தூர்க்காரனுக்கு அந்த ருசி தெரியாதா?

"அம்மணி, இது சிறுவாணித் தண்ணி. குடிக்க அமிர்தம். லென்ஸுக்கு ஆகாது. தீரத் தீர யாரோ ஊட்டுக் குழாயில புடிச்சு ரொப்பி வச்சிருக்காங்க."

நம் ஊர்த் தண்ணீரைவிடச் சுத்தமானது உலகத்திலேயே கிடையாது என்று நம்புகிற ஆள்தான் இதைச் செய்ய முடியும்.

அவள் பாட்டிலை வாங்கி, தானும் ஒரு சொட்டு நாக்கில் விட்டாள். காது சிவந்துகொண்டே வந்தது.

"ஊட்டுல நாங்க ரெண்டே பேருதானுங்க" என்றாள்.

வாய்க்கு வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டு, புது பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்காமல் மூக்குக்கண்ணாடி பிரேம்கள் இருந்த அலமாரியைப் பார்த்தாள்.

"நாளைக்கு அவரையும் கூட்டியாரனுங்க. எது நல்லாருக்குன்னு அவரே பாத்துச் சொல்லட்டும்."