சாவிக்காரர்

"வேலையை விட்டுட்டு மட்டும் போயிடாதம்மா. தப்பு என்னோடது."

கேன்டீன் மூலையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டிக்காக்கும் தலைமை நிர்வாகி. எந்த மெஷினுக்குள்ளும் நுழையும் அனுமதி அவர் ஒருவருக்குத்தான் என்பதால், அவரை எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

முந்தின நாள் மீட்டிங்கில் வந்த வினை. பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த அவள், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். நிர்வாகி அனுமதி உள்ளவர் நினைத்தால், அடுத்தவர் கம்ப்யூட்டரின் மெமரியில் அந்த நேரம் என்ன இருக்கிறதோ அதைப் படித்துவிடலாம். ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது, நிர்வாகியே ஆனாலும் மெமரிக்குள் கை வைக்க முடியாதபடி பூட்ட வேண்டும் என்றாள்.

சாவிக்காரருக்குச் சுருக்கென்றது. வந்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் என்னையே திருடன் என்கிறாயா, வேண்டுமானால் என் வீட்டு வாசலுக்கும் ஒரு காவல் போட்டுவிடேன் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அறையே சிரித்தது. அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டாள்.

"உன் வயசுல எனக்கொரு பொண்ணு இருக்கா" என்றார் இப்போது, மேஜையைப் பார்த்தபடி. "அவளை எவனாவது நாலு பேர் நடுவுல இப்படிக் கேலி பண்ணியிருந்தா, நான் சும்மா விட்டிருப்பேனா?"

மேனேஜரிடம் தானே போய்ப் பேசுவதாகவும், அவள் கேட்ட பூட்டை இந்த வாரமே போட்டுவிடுவதாகவும் சொன்னார்.

"உன் ராஜினாமாவுல இருந்த ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்மா. 'மரியாதை இல்லாத இடத்துல இருக்க முடியாது'ன்னு படிச்சதும் எனக்குக் கூசிப்போச்சு."

அவள் டீ கப்பைக் கீழே வைத்தாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"அதை நான் யாருக்கும் அனுப்பலையே சார். காலையில டைப் பண்ணினேன், மனசு கேக்கலை, சேவ்கூடப் பண்ணாம அழிச்சுட்டேன். மெமரியில கொஞ்ச நேரம் இருந்திருக்கும், அவ்வளவுதான்."