மெருகு

ஜெசிந்தாவின் தொண்டையில் ‘மெருகு’ என்ற அந்தச் சிறு கருவியைப் பொருத்தி ஒரு வருடம் ஆகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் எல்லோருக்கும் அது கட்டாயம். எவ்வளவு சலித்துக்கொண்டு பேசினாலும் குரல் குதூகலமாகவே வெளியே வரும். புகார்கள் அடியோடு குறைந்தன. ‘உற்சாக ஊழியர்’ கேடயம்கூட அவளுக்குக் கிடைத்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அதை எப்படி அணைப்பது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அப்பாவின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மஸ்கட்டில் இருக்கும் தம்பியை ஜெசிந்தாதான் போனில் கூப்பிட்டாள்.

“ரெக்ஸ், அப்பா போயிட்டாருடா.”

“அப்பிடியா! எங்க, வேளாங்கண்ணிக்கா?” அவள் குரலின் துள்ளல் அவனையும் தொற்றிக்கொண்டது.

“செத்துப் போயிட்டாருடா!”



“அக்கா… இதையா சிரிச்சுக்கிட்டே சொல்ற?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு விம்மலும் கலகலவென்று சிரிப்பாகவே வெளியே கொட்டியது. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா எழுந்து ஓடிவந்து, அவள் வாயை இறுகப் பொத்தினாள்.

“அழாதடி,” என்றாள். “எல்லாரும் பாக்குறாங்க.”