இல்லை என்போர்

இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

வலக்கையை முதல்வர். இடக்கையை எதிர்க்கட்சித் தலைவர்.

புதிதாகத் தேர்வான பேரவைத் தலைவரை இருவரும் சேர்ந்து நாற்காலி வரை அழைத்துப் போய் உட்கார வைப்பது வழக்கம். அழைக்கப்படுபவர் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடக்க வேண்டும். அதுவும் வழக்கம்தானாம்.

அவளுக்கு நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கால்கள் தாமாகவே பின்வாங்கின.

உட்கார்ந்தாள்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். இதற்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் மந்திரியாகிவிட்டார். மற்றவர்களைவிட அவர்தான் பலமாகத் தட்டினார்.

சாதாரண உறுப்பினராக இருந்தவரை ஆளுங்கட்சியின் கடைசி வரிசை அவளுக்கு. முன்னால் இருப்பவர்களின் முதுகுகள்தான் தெரியும். இப்போது முகங்கள் தெரிந்தன. முகங்கள் தெரிந்ததும் கணக்கும் தெரிந்துவிட்டது.

ஆளுங்கட்சிக்கு எதிரணியைவிட இரண்டு பேர்தான் கூடுதல். கட்சியிலிருந்து யாரைத் தலைவராக்கினாலும் மிச்சம் ஒரே ஒருவர். தலைவருக்கு ஓட்டுக் கிடையாது. இரு பக்கமும் சமமாக நின்றால்தான் உண்டு.

வேறு யாரையாவது இங்கே உட்கார வைத்திருந்தால், கடைசி வரிசையில் அவள் இருந்திருப்பாள். மாற்றி ஓட்டுப் போட்டிருப்பாள். மசோதா தோற்றிருக்கும்.

அவளையே உட்கார வைத்துவிட்டார்கள். ஓட்டு சமமாவதற்கு வழியே இல்லை.

முதல்வர் கெட்டிக்காரர். அதை அவளால் மறுக்க முடியவில்லை.

துறைமுகத்தை விரிவாக்கக் கடற்கரை நிலம் எடுக்கும் மசோதா அது. வெள்ளிமேட்டுக்குப்பம் முழுவதும் அதில் போகிறது. அவள் பிறந்த ஊர். கட்சி என்ன சொன்னாலும் இல்லை என்றுதான் ஓட்டுப் போடுவேன் என்று படகுகளுக்கு நடுவில் நின்று சொல்லித்தான் ஜெயித்தாள்.

பதவி தேடி வந்ததும் ஊரில் போய்க் கேட்டாள். ஊர் கூடியது. ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. குப்பத்துப் பஞ்சாயத்தில் நடுவில் உட்காரும் நாட்டார் என்னும் ஊர்த்தலைவர் தலையசைக்காமல் ஒரு படகு கடலில் இறங்காது. மந்திரிமாரே எழுந்து கும்பிடுகிற நாற்காலி என்றால் சும்மாவா என்றார்கள். நம் பெண் அங்கே உட்கார்ந்தால் எவன் கிட்டே வருவான் என்றார்கள். வெடி வேறு போட்டார்கள்.

அவளும் நம்பினாள். 

ஊர்க்காரர்கள் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள். வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் பெரியம்மா மகள் அஞ்சலாட்சி. கல்யாணத்துக்குப் போகிற புடவையில் இருந்தாள்.

பாராட்டுரைகள் முடிந்தன. மதியம் மசோதா வந்தது.

எதிர்க்கட்சித் தலைவர் நன்றாகப் பேசினார். கடல் தாய் என்றார், மீனவர் கண்ணீர் என்றார். ஓட்டெடுத்தால் ஒரு ஆளில் தோற்போம் என்று அவருக்கும் தெரியும். தோற்பதைவிட வெளியே போவது நல்லது. வாசலில் புகைப்படக்காரர்கள் வேறு காத்திருக்கிறார்கள்.

வெளிநடப்பு என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு போனார். காலையில் அவள் கையைப் பிடித்த அதே மனிதர்.

பாதி அவை காலியாகக் கிடந்தது.

அவள் வாசிக்க வேண்டியதை வாசித்தாள்.

"ஆம் என்போர்."

ஆம் என்று கூரை அதிர்ந்தது.

"இல்லை என்போர்."

யாரும் இல்லை.   அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவளுக்கு உரிமை, சொல்ல இல்லை.

"இல்லை."

மாடத்திலிருந்து வந்தது. அஞ்சலாட்சி எழுந்து நின்றிருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்ன முகம்தான் அது. கலகம் செய்கிற முகமே இல்லை. அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் இல்லை என்றார்கள்.

மந்திரிகள் குதித்தார்கள். மாடத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. அது அவையை அவமதிப்பது. தலைவர் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். காவலர்கள் மாடத்துப் படியில் நின்று, உத்தரவுக்காக நாற்காலியில் இருந்தவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள்.

அவ்வளவுதான், கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல்வரும் உட்கார்ந்தார். தலைவர் எழுந்து நின்றால் வேறு யாரும் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. அது விதி.

அவள் மட்டும் நின்றாள். அவள் என்ன சொன்னாலும் கேட்டாக வேண்டும்.

மாடத்தில் அஞ்சலாட்சி சிரித்தாள். நாம் சொன்னோமே என்பதுபோலப் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

பேரவைச் செயலாளர் எழுந்திருக்காமலே ஒரு வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்தார்.

வேறு வாக்கியம் எதுவும் அவளுக்கு வரவில்லை. வந்தாலும் மசோதா நிற்காது.

"மாடத்தில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள்."

காவலர்கள் ஏறினார்கள். அஞ்சலாட்சி கையை விலக்கிக்கொண்டாள். கூட வந்தவர்களை முன்னால் அனுப்பினாள். வாசலில் நின்று திரும்பினாள். நாற்காலிக்கு முன்னால் இன்னும் நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

"நாங்க போய்க்கிறோம். நீ ஒக்காரு, தங்கச்சி."

உட்கார்ந்தாள்.

முடிவை இரண்டு முறை சொல்ல வேண்டும். நடுவில் யாராவது மறுத்தால் கேட்க வேண்டும் என்பதற்காக.

"ஆம் என்போரே அதிகம்" என்றாள்.

மாடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது முறையும் சொன்னாள். மசோதா நிறைவேறியது.