அறுபதைத் தாண்டாத கார்

"புது பிஸ்டன், புது கேம்ஷாஃப்ட்னு இன்ஜினோட குடலையே மாத்திட்டேன்னு சொன்னியேய்யா. என் ஸ்போர்ட்ஸ் கார் அறுபதைத் தாண்ட மாட்டேங்குது" என்று வந்ததும் வராததுமாக எகிறினார் கார்க்காரர்.

கூட வந்த மனைவி அவரையும் மிஞ்சினாள். "இந்த ஆளு ஊரை ஏமாத்துறான். வாங்க, வேற இடம் பார்க்கலாம்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. "ஓட்டிப் பார்த்துட்டுதாங்க கொடுத்தேன், பறந்துச்சு" என்றவர், கோபத்தோடு சீட்டில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தார். பெடல் பாதியிலேயே நின்றது. குனிந்து பார்த்தார்.

பெடலுக்கு அடியில் ஒரு சிவப்பு மரக்கட்டை, பசை போட்டு ஒட்டியிருந்தது.

கார்க்காரர் எட்டிப் பார்த்தார். "இது நம்ம பாப்பா அடுக்கி விளையாடுற கட்டையாச்சே" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"நான்தான் ஒட்டினேன்" என்றாள் அவள், குரலை இறக்காமலே. "அவளுக்குக் கட்டை வேற வாங்கிக்கலாம். அப்பாவை எந்தக் கடையில வாங்குறது?"