மிதவை கிடக்கும் இடம்

யாரோ தொட்டியில் வளர்த்துக் கொண்டுவந்து கொட்டிய முள்மீன் அணை முழுக்கப் பெருகிவிட்டது. அதை எவனும் வாங்குவதில்லை. வலையில் சிக்கினால் கண்ணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்து அறுத்து, மாதையனிடம் வலையின் மேல்கயிறும் அதில் கட்டிய மிதவைகளும்தான் மிஞ்சின. மிதவை கிடக்கும் இடத்தில் இன்னொருவர் வலை விடமாட்டார். ஒருநாள் எடுத்துவிட்டால் இடம் போய்விடும். அதனால் வெறுங்கயிற்றையே விட்டிருந்தான். விடிந்ததும் அவன் துடுப்புப் போட, மனைவி பவளாயி பரிசலில் குனிந்து கயிற்றை இழுத்தாள்.

தூரத்துப் பரிசலிலிருந்து ஒருவன் கூவினான். "என்னக்கா, மீனு பட்டுதா?"

"ஏதோ படுது, தம்பி!"

இல்லாத கண்ணியிலிருந்து இல்லாத மீனைக் கழற்றிப் பரிசலுக்குள் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

"பாத்து, முள்ளு குத்திடப் போவுது" என்றான் மாதையன், அந்தப் பரிசலுக்குக் கேட்காத குரலில்.