மூன்றாம் தண்ணீர்

"மரத்தைத் திங்கிற பூஞ்சைக்கே வைரஸ் ஏத்தியிருக்கேன். அது நோயில படுத்துக் கிடந்தாத்தான் மரம் பிழைக்கும். தொட்டுடாதீங்கம்மா," என்று சொல்லிப் போனாள் ஆராய்ச்சி நிலையத்துக் குயிலி.

பவுனம்மாவின் எலுமிச்சை மரம் துளிர்த்தது. ஆனால் பட்டையில் கை வைத்தால் அனலாய்ச் சுட்டது. முத்து முத்தாய்க் கொப்புளம். உள்ளே ஏதோ முனகியது. அம்மை கண்ட உடம்பு யாருடையதானால் என்ன, அப்படியே விடலாமா? வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்துக்குத் தலைக்கு ஊற்றினாள் பவுனம்மா. மூன்றாம் தண்ணீரில் முனகல் நின்றது.

குயிலி திரும்பி வந்தபோது தோட்டத்தில் ஒரு மரத்திலும் பச்சை இல்லை.

"என்னம்மா செஞ்சீங்க?"

"படுத்து எழுந்த உடம்பு, கண்ணு. பசிக்காதா?" என்றபடி, வெள்ளையாய்ப் பூஞ்சை பூத்திருந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள் பவுனம்மா.