வாயில் வராத கடவுச்சொல்

"கடவுச்சொல்லைச் சொல்லும்மா. கணினிப் பெட்டியில உன் கை படக் கூடாது, வாயாலதான் சொல்லணும். கேமரா ஓடுது," என்றார் போலீஸ் அதிகாரி எர்மெக்.

சாய்கல் மடிக்கணினியைப் பார்த்தாள். பக்கத்தில் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

யாரோ வங்கிக் கணினிக்குள் புகுந்து பணம் திருடியிருக்கிறார்கள். தடம் நாரின் நகரில் இந்த வீட்டு இணைய இணைப்பில் வந்து நின்றது.

எர்மெக் நீதிமன்ற ஆணையை மறுபடி வாசித்தார். திருட்டு நடந்த அந்த ஒரு நாளின் இணையப் பதிவு மட்டும். வேறெதையும் தொட அவருக்கு உரிமை இல்லை. வாசிக்கும்போது குரலில் லேசான வருத்தம்.

"சொல்லலேன்னா பெட்டி தலைநகர் பிஷ்கேக்குக்குப் போகும். அங்க எல்லாத்தையும் திறப்பாங்க."

சாட்சிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தில் கை வைத்தாள். "நாக்குக்கும் பூட்டுப் போட்டுட்டியாடி?"

வங்கிப் பணம் சாய்கலிடம் இல்லை. இருந்தது வேறு. கம்பளித் தொப்பியும் பஞ்சுத் தாடியுமாக மாமனாரைப் போல அவளே நடித்து எடுத்த காணொளிகள். இன்னும் யாருக்கும் காட்டாதவை.

எர்மெக் பெட்டியை மூடப் போனார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ஜுமாபெக்னு அடி தம்பி. எல்லாம் சின்ன எழுத்து. கடைசியில ஒரு ஆச்சரியக்குறி."

அது அவர் பெயர். மருமகள் வாயால் சொல்லக் கூடாத பெயர். விரலுக்கு அந்தத் தடை இல்லை என்று தினமும் ஆசை தீர அடித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி திறந்தது. 'தாடி' என்ற கோப்புறை முகப்பிலேயே கிடந்தது. ஈரத் தரையில் நடப்பவர் போல எர்மெக் அதைச் சுற்றிச் சுட்டியை ஓட்டினார். அன்றைய பதிவைப் பார்த்தார். திருட்டு இந்தப் பெட்டியிலிருந்து நடக்கவில்லை. வீட்டு வைஃபைக்குப் பூட்டே இல்லை, தெருவில் எவனும் நுழையலாம் என்று திட்டிவிட்டுக் கிளம்பினார்.

சாய்கல் கதவில் சாய்ந்து மூச்சு விட்டாள். சட்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

மாமனார் சிரிப்பை அடக்கியபடி காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"தாடியெல்லாம் சரிதான்ம்மா. ஆனா நான் மூக்கு சிந்துறது அவ்வளவு சத்தமாவா இருக்கு?"

அவரிடம் நீதிமன்ற ஆணை எதுவும் இருக்கவில்லை.